காடு எரியாது என்று சொன்னவர்

நெருப்பு எந்த மலையில் எரிந்து முடிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்துக்காரர்கள் மலையைப் பார்க்க மாட்டார்கள். அவருடைய வேட்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். கரி வட்டம் புதிதாக இருந்தால் பக்கத்து மலை, மங்கியிருந்தால் தூரத்து மலை. எரிந்து ஆறிய நிலத்தில்தான் அவர் உட்கார்ந்து சோறு தின்பார். பச்சைப் புல்லைக் காட்டி உட்காரச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்.

"எரிஞ்சது மறுபடி எரியாதுங்க ஐயா. இதவிட நல்ல எடம் எங்க இருக்கு?" என்பார்.

அவருடைய பெண்சாதி திருச்சிப் பக்கம் ஊரிலேயே இறந்துவிட்டாளாம். அதனால் வேட்டியை அவரே துவைத்துக்கொண்டார். அதாவது, துவைக்கவில்லை.

அவருக்குப் பெயர் இருந்தது. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதைப் பெரட்டு என்போம். மேல் லயத்துப் பெரட்டில் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை நான். அந்தப் பெயரை வருடக்கணக்காக வாய்விட்டுக் கூப்பிட்டவனுக்கு, இங்கே எழுத மட்டும் கை வரவில்லை. லயத்தில் அவரை நெருப்புக்காரர் என்றார்கள். தோட்டத்துக்கு நெருப்புக் காவல் அவர் வேலை. அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. பசறையிலிருந்து மாட்டு வண்டி போகும் மட்டும் வந்து, மடுல்சீமைக்கு மேலே எங்கள் தோட்டத்துக்கு நடந்துதான் ஏற வேண்டும். தோட்டத்தின் உச்சியில் மேல் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருபது காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. அதன் கோடியில் தள்ளி என் வீடு. லயத்துக்கு முன்னால் இறங்குகிற சரிவு முழுக்க ஆளுயர மானாப் புல். இப்படிப் புல் மூடிய மலையைப் பத்தனை என்பார்கள். தேயிலைக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதை அந்தப் புல்லுக்கு நடுவேதான் போகும். லயத்துக்குப் பின்னால் காடு.

ஆனியில் வறண்ட கச்சான் காற்று இறங்கினால் ஆவணி முடியும்வரை பத்தனை எங்காவது எரிந்துகொண்டே இருக்கும். மாட்டுக்கு இளம்புல் வேண்டுமென்று கீழே சிங்களக் கிராமத்தார் வைப்பார்கள். சுருட்டைப் போட்டுவிட்டுப் போகிறவனால் வரும். யார் வைத்தது என்று கடைசிவரை தெரியாமலும் வரும். வந்தால் பாதை போய்விடும். பகலில் ஆட்கள் எல்லோரும் கீழே தேயிலையில் நிற்பார்கள். மேலே பிள்ளை பெற்றவர்களும் காய்ச்சல்காரர்களும் வயதானவர்களும் என் மனைவியும் மட்டும் இருப்பார்கள். அவர்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல வேண்டியது நெருப்புக்காரர் பொறுப்பு. அவர் சொன்னது ஒன்றுதான். காட்டுக்குள் போ, காடு எரியாது.

இதை அவர் சொல்லும் விதத்தைக் கேட்க வேண்டும். மிரட்ட மாட்டார், கையை ஆட்ட மாட்டார், இரண்டு தடவை சொல்ல மாட்டார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்வது போலச் சொல்வார். கங்காணிகள் கத்தி நான் கேட்டிருக்கிறேன், துரை கத்தியும் கேட்டிருக்கிறேன். அவர்கள் கத்தியதில் பாதியை ஆட்கள் காதில் வாங்குவதே இல்லை. இவர் முணுமுணுத்தது அத்தனையும் ஆட்களின் மனதில் ஒட்டிக்கொண்டது.

காரணம், அவர் சொன்னது நடந்தது. மதியம் காற்று திரும்பும் என்றால் திரும்பியது. இந்தப் புகை ஓடையைத் தாண்டாது என்றால் தாண்டவில்லை. லயத்தைச் சுற்றிப் பன்னிரண்டு அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, பெருக்கி, நெருப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். கோடு கூரையைக் காக்கும், புகைக்குள் ஆள் இருக்க முடியாது. அந்தக் கோட்டில் ஒரு சருகு விழுந்து கிடந்தால் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போவார். என் மனைவி அவரைக் கேலி செய்வாள்.

"அண்ணே, அந்தக் கோட்ட மட்டும் வீடு மாதிரிக் கூட்டுறீங்க. உங்க காம்பராவுல காலு வைக்க முடியல."

"காம்பராவுக்கு நெருப்பு வராது தாயி" என்பார் அவர். அதையும் அதே குரலில்தான் சொன்னார்.

மரங்களைப் பற்றி அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. புல்லுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நெல்லியும் கடுக்காயும் நிற்கும். வருடா வருடம் அடிமரம் கருகும், வருடா வருடம் துளிர்க்கும். பட்டையைக் கத்தியால் செதுக்கிக் காட்டுவார். விரல் கனத்துக்குத் தக்கை மாதிரிப் பட்டை, உள்ளே ஈரம். "இது அடி வாங்கிப் பழகின மரம் ஐயா" என்பார். புல் முடிகிற இடத்தில் காடு சுவர் எழுப்பினதுபோல நின்றது. அங்கே ஒரு மரத்தைச் செதுக்கினால் பட்டை காகிதம்போல உரிந்து வரும். "இது அடியே படாத மரம். இதுங்க ஒருநாளும் வெளிய வராது. அதுங்க ஒருநாளும் உள்ள போகாது." அந்த எல்லையில் ஒரு கால் புல்லிலும் ஒரு கால் காட்டிலுமாக நின்றுகொண்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சம்பந்தி போலப் பேசுவார்.

ஒரு பங்குனியில் எச்சரிக்கைத் தகரம் கட்டிவிடப் பத்தனையில் கம்பம் நட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அவருக்குத் தேத்தண்ணி கொண்டு வந்திருந்தாள். இடுப்பளவு குழி. அவர் மண்வெட்டியால் குழியின் ஒரு பக்கத்தைச் சீராக அரிந்தார். செம்மண்ணுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு. அதற்குக் கீழே செம்மண், மறுபடி கோடு. கடைசிக் கோடு அவர் முழங்காலுக்கும் கீழே இருந்தது.

"கரி ஐயா. ஒவ்வொண்ணும் ஒரு பெரிய நெருப்பு. மண்ணு மேல மேல மூடியிருக்கு."

"யார் வச்ச நெருப்பு?"

"இந்த மேல் கோடு, சண்டைக் காலத்துல வெள்ளைக்காரன் ஊரக் கொளுத்துனப்ப மலையேறினதுன்னு கீழ கிராமத்துக் கெழவன் சொல்றான். அதுக்கு முந்தினது அவனுக்கும் தெரியாது. அந்தக் காலத்துலயும் மாடு இருந்திருக்கும், மாட்டுக்குப் புல்லு வேணும்ல."

"அப்ப இதெல்லாம் முன்னால காடா?"

"காடுதான். அடிமேல அடி வாங்கிப் புல்லாப் போச்சு."

என் மனைவி கேள்வி கேட்கிறவள். எனக்கு அது பல சமயம் எரிச்சலாக இருந்திருக்கிறது. இப்போது அந்த எரிச்சலை நினைத்தால் எதுவும் தோன்றவில்லை. அவள் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, காட்டுக்குள்ளயும் இப்படித் தோண்டிப் பாத்தீங்களா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தோண்டிப் பார்த்ததில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மறுநாள் எங்கள் இருவரையும் காட்டுக்குள் கூட்டிப்போய், லயத்துச் சனம் வழக்கமாகப் போய் உட்காரும் இடத்திலேயே மண்வெட்டியைப் போட்டார். இலை மக்கி மெத்தென்று கிடந்தது. வேர், மண்புழு, அதற்குக் கீழே கறுத்த ஈர மண். ஒரு முழம் போனதும் பாறைபோல வேர் குறுக்கே வந்தது. நிறுத்தினார். இரண்டு கைகளிலும் மண்ணை அள்ளி அவளிடம் காட்டினார்.

"ஒரு பொட்டுக் கரி இருக்கா பாரு தாயி. இது நெருப்பையே பாக்காத காடு."

அவள் அதோடு விடவில்லை. அந்தக் குழியின் சருகை மடியில் அள்ளிவந்து அடுப்பில் போட்டாள். பற்றவில்லை. வீடு முழுக்கப் புகைந்து நாங்கள் வெளியே ஓடி வந்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சரி, எரியாதுதான்" என்றாள். அன்றிலிருந்து அவரைவிட அவள்தான் அதை அதிகம் சொன்னாள். புதிதாகக் கப்பலேறி வந்த குடும்பங்களுக்கு, பிள்ளை பெற்ற பெண்களுக்கு, எல்லோருக்கும் தோண்டிப் பார்த்த கதையைச் சொன்னாள். ஆனி பிறந்ததும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்தபின், "நெருப்பு வந்தா காட்டுக்குள்ள" என்று நானும் ஒரு வரி சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். வேதபாடம் மாதிரி அது நடந்தது.

அந்த வருடங்களில் நெருப்பு வந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தகரம் அடித்ததும் சனம் கோழியையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் உட்காரும். வெளியே புல் வெடித்துக்கொண்டிருக்கும். உள்ளே குளிர்ச்சி. பெண்கள் பேன் பார்த்தார்கள், பிள்ளைகள் தூங்கின. நெருப்பு காட்டின் ஓரத்துக்கு வந்து, முன்வரிசை இலையைக் கருக்கிவிட்டுச் செத்துப்போகும். அங்கே ஒரே தொந்தரவு அட்டைதான். நெருப்புக்குத் தப்பி அட்டைக்கு அகப்பட்டோம் என்று சொல்லிக்கொண்டே காலைத் தட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

அவர் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்போதுதான் நெலு பூத்தது.

நெலு என்பது காட்டுக்குள் மரத்தடியில் அடர்ந்து நிற்கிற செடி. ஆளுயரத்துக்கும் மேலே வளரும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும் என்று சிங்களவர்கள் சொன்னார்கள். அதுவரை எங்களில் யாரும் அந்தப் பூவைப் பார்த்ததில்லை. லயத்தில் யார் அங்கே பன்னிரண்டு வருடம் இருந்தார்கள்? ஒரு காலையில் காடு முழுக்க ஊதாப் பூ. தேனீ இரைச்சல் லயம்வரை கேட்டது. கிராமத்திலிருந்து தேன் எடுக்க ஆட்கள் வந்தார்கள். பிறகு விதை கொட்டியது. அதைத் தின்ற காட்டுக்கோழிகள் கிறங்கிப்போய் லயத்து வாசலுக்கு நடந்தே வந்தன. லயத்தில் மூன்று வாரம் கறி மணந்தது. என் மனைவி ஒரு கிளையைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு வைத்தாள்.

விதை விழுந்ததும் நெலு செத்தது. ஒன்றிரண்டு அல்ல, மொத்தமும் செத்தது. அதன் வழக்கம் அது. அடுத்த ஆனி பிறக்கிற சமயம் நான் காட்டு ஓரத்தில் நடந்தபோது, மரங்கள் பச்சையாக நின்றன. அவற்றுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் குச்சி, குச்சி, குச்சி. தொட்டால் ஒடிந்தது. நெருப்புக்காரர் ஒரு குச்சியை முறித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது காஞ்சு கெடக்கே அண்ணே" என்றேன்.

"செடி காஞ்சிருக்கு ஐயா. காடு பச்சையாத்தான இருக்கு."

"பெரட்டில் இந்த வருஷமும் அதையே சொல்லட்டுமா?"

அவர் குச்சியைக் கீழே போட்டார். "அதையே சொல்லுங்க" என்றார். நான் அதையே சொன்னேன். அந்த வருடம் காட்டுக்குள் போய் வந்த விறகுக்காரிகளில் ஒருத்தி காலிலும் அட்டை இல்லை. அதை யாரும் பேசிக்கொள்ளவில்லை. தொந்தரவு இல்லாவிட்டால் யார் அதைப் பேசுகிறார்கள்?

ஆவணியில் ஒரு மதியம் நெருப்பு வந்தது. நான் கீழே தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற மலையில் நின்றேன். தகரச் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது பத்தனை பாதிவரை சிவந்திருந்தது. பாதை இல்லை. மேலே நெருப்புக்காரர் லயத்து வாசலில் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. பதினைந்து பேர், கோழியோடும் சட்டியோடும் காட்டுக்குள் போவதைப் பார்த்தேன். என் மனைவி ஒரு காய்ச்சல்காரியைத் தாங்கிக்கொண்டு கடைசியாகப் போனாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

நெருப்பு ஓரத்துக்கு வந்தது, நிற்கவில்லை. நெலுக் குச்சியில் ஏறிக் காட்டுக்குள் போனது. மரங்களின் உச்சி பச்சையாகவே இருந்தது, அடியில் மட்டும் வெளிச்சம் நகர்ந்தது. நெருப்புக்காரர் உள்ளே போனதை மூன்று தடவை பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் யாரையாவது இழுத்து வந்தார். சிலர் காட்டைக் குறுக்காகக் கடந்து பாறைக்கு ஏறித் தப்பினார்கள். நான்கு பேர் வரவில்லை. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். என் மனைவியும் அந்தக் காய்ச்சல்காரியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். கீழே தூக்கிவர முடியாத நிலை. அங்கேயே குழி வெட்டினோம்.

இடுப்பு ஒடிந்த ஒரு கிழவி மட்டும் ஓடவில்லை, ஓட முடியவில்லை. வாசலுக்குப் பக்கத்தில், நெருப்புக் கோட்டை ஒட்டி வெளியே, கீரை போடுவதற்காக எரித்து வைத்திருந்த துண்டு நிலத்தின் நடுவில் போய் முட்டாக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நெருப்பு அவளைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு கொப்புளம்கூட இல்லை. அவர் சொன்னதைச் செய்தவர்கள் போனார்கள், அவர் தினமும் செய்துகொண்டிருந்ததைச் செய்தவள் உயிரோடு இருந்தாள். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

எனக்கு அழுகை வரவில்லை. மறுநாள் காலை பெரட்டில் பெயர் கூப்பிட்டேன். இறந்துபோன பெண்களில் பெயர் பதிந்த ஒருத்தியையும் பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டேன். அவள் தங்கை, "இல்லைங்க ஐயா" என்றாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

மூன்றாம் நாள் துரை விசாரிக்க வந்தார். லயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிழைத்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார்.

"ஏன் காட்டுக்குப் போனது? யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க தொரை. பயத்துல நாங்களா ஓடினோம்."

எல்லோரும் இதையே சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளும் இதையே சொன்னாள். முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. நெருப்புக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். இரண்டு கைகளிலும் வாழையிலை சுற்றியிருந்தது. அவர் முன்னால் வந்தார்.

"பொய்யிங்க தொரை. நான்தான் சொன்னேன். காடு எரியாதுன்னு பத்து வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

துரை என்னைப் பார்த்தார். "கணக்கப்பிள்ளை, அப்படியா?"

"பெரட்டில் நானும் சொன்னேன்" என்றேன்.

துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. சீக்கிரம் கீழே இறங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "காத்து" என்றார். "காத்து ரொம்பக் கெட்டது." எழுந்து போய்விட்டார். நெருப்புக்காரர் வெகுநேரம் அந்த நாற்காலிக்கு முன்னாலேயே நின்றார். அவரைத் தண்டிக்க ஒருவரும் முன்வரவில்லை. எனக்கும் அது முடியவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் உயிர் வேண்டியிருக்கிறது.

அவருடைய கை ஆறினதும் முதல் வேலையாகத் தோண்டப் போனார். நான் பின்னால் போனேன். கருகிய காட்டில், அன்று ஒரு முழத்தில் நிறுத்திய அதே இடம். மேலே இருந்த மெத்தை சாம்பலாகிவிட்டது. குறுக்கே வந்த அந்த வேரைக் கோடாலியால் வெட்டி எடுத்துவிட்டுக் கீழே போனார். இரண்டு முழம் வந்ததும் கறுப்பாக ஒரு கோடு வந்தது. விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கரி" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன்.

"முன்னயும் எரிஞ்சிருக்கு ஐயா. எரிஞ்சு, மறுபடி காடாகியிருக்கு. இன்னும் ஒரு முழம் தோண்டியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். தாயி பக்கத்துலதான் நின்னுச்சு."

குழியை மூடாமல் அதன் விளிம்பில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அதற்குப்பின் யார் எதைக் கேட்டாலும் அவர், "தெரியலையே" என்றுதான் சொன்னார். காற்று திரும்புமா என்றால் தெரியலையே. மழை வருமா என்றால் தெரியலையே. ஆட்கள் கேட்பதை விடவில்லை. தெரியலையே என்கிற பதிலைக் கேட்டுவிட்டுக்கூட, அதில் ஏதோ இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டு போனார்கள்.

காட்டில் பாதிதான் எரிந்திருந்தது. மேற்பாதி அப்படியே நின்றது, அடியில் செத்த நெலுவோடு. செத்தவர்களுக்கு நாங்கள் வெட்டிய குழிகள் அதன் ஓரத்தில் இருந்தன. தையில் நான் தனியாக அங்கே போனேன். மழை பெய்து முடிந்திருந்தது. காய்ந்த குச்சிகளுக்கு நடுவே, நாற்றங்கால் மாதிரி நெருக்கமாகப் புது நெலுக் கன்றுகள். கணுக்கால் உயரம் வந்திருந்தது. அவள் குழியின் மேலும் முளைத்திருந்தது. கிராமத்துத் தேன்காரன் ஒருவன் அந்தப் பக்கம் வந்தான். அரைகுறைத் தமிழில் சொன்னான். இன்னும் இரண்டு மழைக்காலம் போனால் பழைய குச்சி மக்கிவிடும், புதுச் செடி தரையை மூடிவிடும், பிறகு அடுத்த பூ வரைக்கும் இந்தக் காட்டுக்குள் நெருப்பு நுழையாது. அவன் அப்பனும் பாட்டனும் கண்டதாம். ஒரு ஆடியை மட்டும் தாண்டினால் போதும் என்றான். ஒரு ஆடிக்குச் சனத்தைக் கீழ் லயத்தில் இறக்கி வைக்க முடியாதது அல்ல. துரையிடம் பேசி அதை நடத்துவது என் அதிகாரத்துக்குள்தான் இருந்தது.

சித்திரை முடிகிற சமயம் நெருப்புக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மிச்சக் காடு இருக்குதுல்ல ஐயா."

"இருக்கு."

"காத்து எறங்குறதுக்கு முந்தி நானே பத்த வச்சிரலாம்னு இருக்கேன். சனத்தக் கீழ தேயிலையில நிறுத்திட்டு, ஓரம் ஓரமா எரிச்சா நாலு நாள்ல முடிஞ்சிரும். ரெண்டு மூணு வருஷம் அப்படியே எரிச்சா அதுவும் புல்லாயிரும். புல்லு எரியும், ஆனா அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். காடு என்ன செய்யும்னு தெரியல."

"துரை?"

"சரின்னுட்டாரு. உங்களக் கேக்காம கை வைக்க மாட்டேன். தாயி அங்கதான கெடக்கு."

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் என்னிடமிருந்து ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

"வைங்க" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க ஐயா."

"வைங்கண்ணே."

அவர் குனிந்து என் காலைத் தொட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

நான்கு நாள் எரிந்தது. மறு வருடம் மறுபடி எரித்தார், அதற்கடுத்த வருடமும் எரித்தார். மானாப் புல் ஏறியது, குழிகள் எங்கே என்று தெரியாமல் மூடியது. சில வருடத்தில் நெல்லி ஒன்றிரண்டு தலைகாட்டியது. மேல் லயத்தில் அதற்குப்பின் நெருப்பில் ஒரு உயிர் போகவில்லை. ஆட்கள் அவரை மறுபடி நம்பினார்கள். என்னைப் பற்றி அவர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். பெண்சாதி கிடந்த காட்டையே சனத்துக்காக விட்டுக்கொடுத்த மனுஷன் என்று. பெரட்டில் நான் வந்து நின்றால் அந்தப் பேச்சுக்காகவே சத்தம் அடங்கும். மூச்சுமுட்டு வந்து படுத்த கடைசி நாட்களில் அவரைப் பார்க்கப் போனபோதும், எழுந்திருக்க முடியாமல், படுத்தபடியே கைகூப்பினார்.

சனத்தை நான் அன்றைக்கு நினைக்கவே இல்லை. அவளை விழுங்கிவிட்டு அந்தக் காடு மறுபடி துளிர்த்ததை என்னால் பொறுக்க முடியவில்லை, அதுதான் காரணம். கன்றுகளைப் பற்றித் தேன்காரன் சொன்னதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தீக்குச்சியை மடியில் கட்டிக்கொண்டு திரும்பியிருப்பார். நான் சொல்லவில்லை. அவர் கும்பிட்டார், நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.